வாரம் முப்பது பாடல்கள்: ஒரு பரிந்துரைச் சேவையுடன் இரண்டு ஆண்டுகள்

இசை கேட்பதற்காக நான் சந்தா செலுத்திப் பயன்படுத்தி வரும் செயலி, ஒவ்வொரு வாரமும் எனக்கெனத் தொகுத்த முப்பது பாடல்களைப் பட்டியலாக அனுப்புகிறது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பட்டியல்களைப் பெரும்பாலும் விடாமல் கேட்டிருக்கிறேன். செயலியின் ஒலித்தரத்திலும் தோற்றத்திலும் குறைசொல்ல ஏதுமில்லை. எந்தப் பாடல் எனக்குப் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து தருவதாகச் சொல்லும் அதன் பரிந்துரைச் சேவையைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

இத்தகைய சேவைகள் பொதுவாக இரண்டு வழிகளில் பாடல்களைத் தேர்ந்தெடுக்கின்றன. என்னைப் போன்றே கேட்டவர்கள் வேறு எவற்றைக் கேட்டார்கள் என்று பார்ப்பது ஒன்று. பாடலின் வேகம், தாளம், குரல், கருவிகள் ஆகியவற்றை அளந்து, அவற்றை ஒத்த பாடல்களைத் தேடுவது மற்றொன்று. பண்டோரா என்ற இணைய வானொலி நிறுவனத்தின் இசை மரபணுத் திட்டத்தில், பயிற்சி பெற்ற இசைஞர்களே பாடலைக் கேட்டு, 450 வரையிலான கூறுகளைக் குறித்து வைத்தார்கள். இந்த முறைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனக்குத் தெரியாத மொழிகளில் பாடுகிற, நானாகத் தேடியிருந்தால் ஒருபோதும் கண்டடைந்திருக்க முடியாத பல பாடகர்களை இந்தச் சேவைதான் எனக்கு அறிமுகப்படுத்தியது.

ஆயினும் ஒரு பாடல் என்னை ஏன் தொடுகிறது என்பது அதற்குப் பிடிபடவில்லை. ஒற்றை நரம்புக் கருவியுடன் மெல்லத் தொடங்கி, ஒன்றரை நிமிடத்திற்குப் பிறகே குரல் எழும் பாடல் ஒன்று மூன்று வெவ்வேறு வாரங்களில் வந்தது. மூன்று முறையும் அரை நிமிடத்திற்குள் அடுத்த பாடலுக்குத் தாவிவிட்டேன். பின்னர் ஓர் இரவுப் பேருந்துப் பயணத்தில், தரவிறக்கி வைத்திருந்த பழைய பட்டியல் ஓடிக்கொண்டிருக்க, அலைபேசி தலைக்கு மேலிருந்த பைக்குள் இருந்ததால், அதே பாடலை முழுவதும் கேட்க நேர்ந்தது. அந்தக் கருவி அவ்வளவு நேரமும் தொடாமல் சுற்றி வந்த சுரத்தில் குரல் வந்து அமர்ந்தபோது எனக்குக் கண்கள் கலங்கின. ஆனால் நான் மூன்று முறை தாவியதை வெறுப்பென்று கொண்ட சேவை, அதற்குள் அத்தகைய பாடல்களை எனக்கு அனுப்புவதையே நிறுத்தியிருந்தது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. என் அக்கா தன் குழந்தையைத் தூங்கவைக்க ஒரு மாத காலம் என் கணக்கில் ஒரே தாலாட்டை இரவுதோறும் ஒலிக்கவிட்டார். அதன்பின் பல வாரங்களுக்கு என் பட்டியல் தாலாட்டுகளால் நிரம்பியது.

தாவுவதை வெறுப்பாகவும், திரும்பக் கேட்பதை விருப்பாகவும் எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது. இசை உச்சத்தைத் தொடும்போது மட்டுமல்லாமல், அந்த உச்சத்தை எதிர்நோக்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்பதை வலோரி சலிம்பூர், ராபர்ட் சடோரே ஆகிய நரம்பியல் ஆய்வாளர்களின் குழு 2011-இல் காட்டியது. எதிர்நோக்க வேண்டுமானால் அடுத்து என்ன வரக்கூடும் என்ற உணர்வு, இதுவரை கேட்ட இசையிலிருந்து, கேட்பவருக்குள் முன்பே ஊறியிருக்க வேண்டும். ஆகவே ஒரு பாடலின் இன்பத்தில் பெரும்பங்கு அந்தப் பாடலுக்கு வெளியே, கேட்பவரின் பழக்கத்தில் இருக்கிறது. பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கேட்டவை வாழ்நாள் முழுவதும் நெருக்கமாக இருப்பதற்கும் இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். (எந்த இசையிலும் இன்பம் காணாத, மற்றபடி இயல்பான மனிதர்களும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தப் பட்டியலாலும் பயனில்லை.)

பிறருடைய விருப்பமும் இதில் கலந்திருக்கிறது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 14,000-க்கும் மேற்பட்டோர் அதிகம் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களைக் கேட்டனர். முந்தையவர்கள் எதை எத்தனை முறை தரவிறக்கினர் என்பதைக் கண்ட கேட்பவர்களை எட்டுத் தனிக் குழுக்களாகப் பிரித்திருந்தனர். ஒரு குழுவில் முன்னணிக்கு வந்த பாடல் இன்னொன்றில் பின்தங்கியது. என் அக்கா ஒரு பாடலை அனுப்பி, “இரண்டாவது சரணம் வரைக்கும் பொறுத்துக் கேள்” என்று சொன்னால் நான் பொறுத்துக் கேட்கிறேன். எண்களைத் தவிர வேறெதுவும் அறியாத பட்டியலுக்கு அந்தப் பொறுமையை நான் தந்ததில்லை. அது என் குறையும்கூட.

புதிய குரல்களைத் தேடுவோருக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். என் சந்தாவையும் புதுப்பித்துவிட்டேன். பிறருக்காகப் பாடல் போடும்போது தனிப்பட்ட கேட்புநிலைக்கு மாற்றிவிடுங்கள். அப்போது ஒலிப்பவை உங்கள் பரிந்துரைகளைப் பாதிக்காமல் இருக்கக்கூடும். அமைப்பாளர்களிடம் நான் கேட்பது ஒரு பொத்தான் மட்டுமே. ‘பிடிக்கவில்லை’ என்பதற்கு இப்போது இடமிருக்கிறது. ‘இப்போது வேண்டாம், சில மாதங்கள் கழித்துத் திரும்பக் கொண்டுவா’ என்று சொல்வதற்கு இடமில்லை. அது வரும்வரை, புதுப் பட்டியலை ஓடவிட்டபின் அலைபேசியைக் கைக்கெட்டாத தொலைவில் வைத்துவிடுகிறேன்.