அந்தோனியார் பீடத்துக்கு வாங்கிய துணியும் நூலும்: 32,500 ரூபா போய்விட்டது

கை நடுக்கம் இன்னும் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முகநூலில் நேரலை போட்டுத் தையல் சாமான் விற்கிற ஒரு பக்கத்திடம் 32,500 ரூபா கொடுத்து ஏமாந்துபோய் நிற்கிறேன். பெயர் போடவில்லை. போட்டால் வழக்கு வைப்போம் என்று ஏற்கெனவே வெருட்டிவிட்டார்கள். பூத்தையல் செய்கிறவர்கள் நூலும் துணியும் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் போன வருஷம் கண் ஒப்பரேஷன். பார்வை திரும்பினால் யாழ்ப்பாணத்துப் பாசையூர் அந்தோனியார் கோயிலுக்கு, பீடத்தில் விரிக்கிற துணி தைத்துத் தருவதாக நேர்த்தி வைத்தா. பார்வை வந்தது, ஆனால் ஊசி கோர்க்கிற அளவுக்கு வரவில்லை. அதனால் நான் தைப்பது, அவ பக்கத்தில் இருந்து சொல்லித் தருவது என்று தீர்மானித்தோம். திருவிழா யூன் 13. தை மாதமே சாமான் தேடத் தொடங்கினேன்.

இந்தப் பக்கத்தில் "அசல் லினன், டிஎம்சி நூல், சாயம் போகாது" என்று போட்டிருந்தார்கள். லினன் என்பது ஆளிச்செடி நாரில் நெய்கிற துணி, டிஎம்சி என்பது பூத்தையல் நூல் செய்கிற பிரெஞ்சுக் கொம்பனி. கேட்டு எழுதினேன். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை வொய்ஸ் அனுப்பினாள். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "அக்கா, என்ர அம்மம்மாவும் கன்னியர்மடத்தில தைக்கப் பழகினவா. அந்தோனியாருக்கு எண்டு சொல்லுறியள், நான் பிழையான சாமான் தருவனோ? நம்பி எடுங்கோ."

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். உடுவிலில் 1824இல் தொடங்கின பெண்கள் பாடசாலை, பிறகு வந்த கன்னியர்மடங்கள் என்று ஊசிவேலை பழகின அம்மம்மாமார் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர். என் அம்மம்மாவும் அப்படித்தான். அந்தக் குரலைக் கேட்டபிறகு சந்தேகப்படுவதே பாவம் மாதிரி இருந்தது. சாமான் வந்தபிறகு காசு தரலாமா என்று கேட்டேன். வெளிநாட்டுச் சாமான், முன்காசுதான் என்றாள். சீட்டுக்காசு கையில் இருந்தது. துணி 4 யார் 19,200, நூல் 30 கட்டு 9,000, தங்கச் சரிகை 2 உருளை 3,800, அனுப்புகிற கூலி 500. மொத்தம் 32,500 ரூபா, அன்றிரவே வங்கியில் போட்டுச் சிலிப்பும் அனுப்பினேன்.

துணி வந்ததும் அம்மா விரலால் தடவிப் பார்த்து, "இது லினன் மாதிரி இல்லையே பிள்ளை" என்றா. அசல் லினனில் இழை ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்து வரும். இதில் எல்லா இழையும் ஒரே அளவு. நான்தான், "இப்ப வாறது இப்படித்தான் அம்மா" என்று அவவின் வாயை அடைத்தேன். அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

பதினொரு கிழமை, வேலை முடிந்து வந்து ஒவ்வொரு இரவும் தைத்தேன். மூலைகளில் லீலிப் பூ, அதன் தண்டுக்குக் காம்புத் தையல், இதழுக்குச் சற்றின் தையல், நடுத்தாதுக்குப் பிரெஞ்சு முடிச்சு. முன்தொங்கலில் கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும். நடுவில் இயேசுவின் திரு இருதயம், நீளமும் கட்டையுமாக மாறி மாறிப் போடுகிற தையலில் மூன்று விதச் சிவப்பு, ஒற்றை இழையால். அது மட்டும் பதினெட்டு நாள் எடுத்தது.

கார்பன் தாளில் படியெடுத்த நீலக் கோடு போக வேண்டும் என்று போன ஞாயிறு வெள்ளைப் பேசினில் பச்சைத்தண்ணி விட்டு, சவர்க்காரம்கூடப் போடாமல் நனைத்தேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு இருதயத்தின் அடியிலிருந்து வெற்றிலைச் சாறு மாதிரி ஒரு கோடு கிளம்பித் தண்ணிக்குள் வளைந்து வளைந்து போனது. பதறிப்போய்த் துணியைத் தூக்கினேன். தூக்கினதுதான் தாமதம், சிவப்பெல்லாம் வழிந்து கீழே லீலிப் பூவுக்குள் இறங்கிவிட்டது. குசினிக்குள் இருந்து அம்மா, "என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை?" என்று கேட்கிறா.

படம் எடுத்து அனுப்பினேன். "என்ன சவர்க்காரம் போட்டனீங்கள் அக்கா?" போடவில்லை என்றேன். "உப்புத் தண்ணியில ஊறப்போடுங்கோ, நிண்டிடும்." போட்டேன், முழுத்துணியும் ரோஸ் நிறமாகியது. "ஓனர் அண்ணா இந்தியா போட்டார், வரட்டும்." அடுத்த நாள், "வேலை செய்த துணியை நாங்கள் திருப்பி எடுக்கிறேல்ல." துணியைக் கேட்கவில்லை, என் 32,500 ரூபாவைக் கேட்கிறேன் என்று எழுதினேன். வழக்குக் கதை அப்போதுதான் வந்தது. பிறகு புளொக். அந்தோனியாருக்குப் பிழையான சாமான் தருவனோ என்று கேட்ட அதே பிள்ளை!

அவர்கள் கொடுத்த முகவரிக்கும் போனேன். பட்டணத்தில் ஒரு மாடிப்படி, மேலே பூட்டுப் போட்ட கதவு. கீழே ஃபோன் திருத்துகிற தம்பி, "நீங்கள் நாலாவது ஆள் அக்கா" என்றான்.

வீட்டுக்கு வந்து துணியின் ஓரத்தைக் கொளுத்திப் பார்த்தேன். லினன் என்றால் கடதாசி மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். இது உருகி, கல்லுமாதிரிக் கறுத்த உருண்டையாக விரலைச் சுட்டது. பொலியெஸ்டர் கலந்த துணி. சரிகை நகத்தால் சுரண்ட உரிகிற பிளாஸ்ரிக். அம்மாவின் பிஸ்கட் ரின்னில் டிஎம்சியின் பழைய சிவப்பு ஒரு கட்டுக் கிடந்தது, நிற இலக்கம் 321. அதை ஈரத் துணியில் அழுத்தினேன், ஒரு பொட்டுச் சாயம் இல்லை. இவர்கள் தந்ததிலும் 321 என்றுதான் போட்டிருக்கிறது. பிரிக்காத ஒரு கட்டை அளந்தேன். 8 மீற்றர் இருக்க வேண்டியது ஆறரை.

விவரமாக எழுத இருந்தேன், இப்போது மனம் வரவில்லை. முன்காசு கேட்டால் எடுக்காதேங்கோ. துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கோ. சிவப்பு, கறுப்பு, கடும் நீலம் மூன்றையும் ஊசியில் கோர்க்க முதல் ஈரமான வெள்ளைத் துணிக்குள் வைத்து அயன் பண்ணிப் பாருங்கோ. சாயம் கிளம்பிவிட்டால் துணியைக் காயவிடாதேங்கோ, பச்சைத்தண்ணியை மாற்றி மாற்றி அலசுங்கோ. உப்பு வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977, நாளைக் காலை நான் எடுக்கிறேன். அந்த மற்ற மூன்று பேரும் இதைப் பார்த்தால் இன்பொக்ஸ் வாருங்கோ, சிலிப்பைக் கொண்டு வாருங்கோ, சேர்ந்து முறைப்பாடு கொடுப்பம்.

திருவிழாவுக்கு இன்னும் 8 நாள். அந்தப் பக்கம் நேற்றிரவும் நேரலை போட்டதாம், அதே சிவப்பு நூலைக் காட்டி.