ஐந்து பேர், மாதம் பத்துப் படங்கள்: கருத்துப் பரிமாறிய ஏழு ஆண்டுகள்

புகைப்படக் கலையைத் தொழிலாகக் கொள்ளாத நாங்கள் ஐந்து பேர், கடந்த ஏழு ஆண்டுகளாக மாதம் ஒரு முறை ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறோம். ஆளுக்கு இரண்டு படங்களை ஏ4 அளவில் அச்சிட்டு எடுத்து வருவோம். ஒருவருடைய படத்தைப் பற்றி மற்ற நால்வரும் கருத்துச் சொல்வோம். கேமராவையும் லென்சையும் நீண்ட நாள் பயன்படுத்திவிட்டு அவற்றின் நிறைகுறைகளை எழுதுபவர்கள் பலர் உண்டு. என் படங்களை மாற்றியதில் நான் வாங்கிய எந்தக் கருவியையும்விட இந்த வழக்கத்துக்கே பங்கு அதிகம் என்பதால், இதைப் பற்றியும் அதே கவனத்தோடு எழுத விரும்புகிறேன்.

முதல் ஆண்டு எங்களுக்குப் பெரிதாக எதையும் தரவில்லை. "அருமை", "வண்ணம் நன்றாக வந்திருக்கிறது" என்பன ஒரு பக்கம். பிழைப் பட்டியல் மறுபக்கம். ஜன்னலோரம் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த என் மகளின் படம் ஒன்றை அப்போது மேசையில் வைத்தேன். ஜன்னல் வெளுத்துவிட்டது, முகம் படச் சட்டத்தின் நடுவில் இருக்கிறது, நிழற்பகுதியில் இரைச்சல், அதாவது புள்ளிப்புள்ளியான சிதறல், தெரிகிறது என்று மூன்று குறைகள் சொல்லப்பட்டன. மூன்றும் உண்மைதான். ஆனால் அதன்பின் எட்டு மாதங்கள் நான் ஜன்னலுக்கு எதிரே யாரையும் படம் எடுக்கவில்லை. அரையிருட்டான அறையில் நோட்டுப் பக்கத்தில் விழுந்த வெளிச்சம் மேலெழுந்து அவள் தாடையைத் தொட்டதற்காகத்தான் அந்தப் படத்தை எடுத்தேன். எதற்காக எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டில் எங்களில் ஒருவர், நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய நான்கு படி முறையைப் பற்றிச் சொன்னார். பார்த்தவர்கள் தங்கள் மனத்தில் பட்டதை முதலில் சொல்வது, பிறகு படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பது, அதன்பின் பார்த்தவர்கள் தீர்ப்புத் தொனியின்றிக் கேள்வி கேட்பது, கடைசியில் படைத்தவரின் அனுமதி பெற்றே அபிப்பிராயம் சொல்வது என்பது அதன் வரிசை. அதை எங்கள் மேசைக்கு ஏற்பச் சற்று மாற்றிக்கொண்டோம். படம் வைக்கப்பட்டதும் ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை. அதன்பின் நால்வரும் தத்தம் கண் முதலில் எங்கே போயிற்று, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, எங்கே தடுக்கியது என்பதை மட்டும் சொல்வார்கள். நன்று, தீது என்ற சொற்களுக்கு அந்த நேரத்தில் இடமில்லை. எடுத்தவர் வாய் திறக்காமல் குறித்துக்கொள்வார். பிறகுதான் அவர் தம் நோக்கத்தைச் சொல்லி, தமக்கு விடை வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்பார்.

இந்த முறையின் பயன் முழுவதும், கண் போன வழியை மட்டும் சொல்லும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான முடிவு. எடுத்தவர் அந்த இடத்தில் நின்றவர். காற்றும் ஓசையும் காத்திருந்த நேரமும் அவர் நினைவில் இருக்கின்றன. படத்தில் இல்லாதவற்றையெல்லாம் அந்த நினைவு இட்டு நிரப்பிவிடுகிறது. பார்ப்பவருக்கோ நான்கு விளிம்புகளுக்குள் உள்ளதைத் தவிர வேறொன்றும் கிடையாது. குடை பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரின் கைகளை நண்பர் ஒருவர் மிக அழகாக எடுத்து வந்திருந்தார். நாங்கள் நால்வரும் முதலில் சொன்னது, முதியவரின் தோளுக்குப் பின்னால் பாதி தெரிந்த ஒரு பலகையில் எழுதியிருந்த நான்கு எழுத்துகளைத்தான். எழுத்தும் முகமும் மிகுந்த வெளிச்சமும் சட்டத்தில் எங்கிருந்தாலும் கண்ணைத் தம்பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தப் பலகை இருந்ததே தமக்குத் தெரியாது என்றார் நண்பர். பின்னணியைக் கவனியுங்கள் என்று நூறு முறை சொல்லியிருந்தாலும் அது அறிவுரையாகவே நின்றிருக்கும். நான்கு பேர் தனித்தனியே ஒரே பலகையைப் படித்தது அவருக்குச் சான்றாகிவிட்டது. அடுத்த மாதம் முதல் அவர் ஷட்டரை அழுத்துமுன் ஓரடி இடம் மாறி நிற்கத் தொடங்கினார்.

தொழில்நுட்பக் குறைகளைச் சொல்வதில் எங்களுக்குச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அவற்றைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியும். "படம் மங்கலாக இருக்கிறது" என்ற சொல்லை மட்டும் விலக்கி வைத்தோம். அதற்குள் மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. சட்டம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது; சுவர் கூர்மையாக இருந்து நடந்துபோனவர் மட்டும் கலைந்திருந்தால் அவருடைய வேகத்துக்கு ஷட்டர் வேகம் போதவில்லை; முகம் மங்கி அதற்குப் பின்னாலிருக்கும் கதவு கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. கை அசைவுக்கு, லென்சின் குவியத் தூரத்தைத் தலைகீழாக்கிய வேகமாவது வேண்டும் என்பது பழைய கணக்கு: 200 மி.மீ. லென்சுக்கு 1/200 வினாடி, ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சாராக இருந்தால் ஏறக்குறைய 1/300. லென்சில் உள்ள அதிர்வுத் தடுப்பு வசதி இதைத் தளர்த்தும். ஆனால் நடப்பவரை அது நிறுத்தி வைக்காது. இவ்வளவையும் பிரித்துச் சொல்லும்போது கேட்பவருக்கு மனம் நோவதில்லை. நாளைக்கு எதை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

விதிகள் வேறு வகை. காட்சியை மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பகுக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியைக் கேமரா கண்டுபிடிப்பதற்கு முன்பே, 1797இல், ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றி எழுதும்போது பெயரிட்டுச் சொன்னார். காட்சியை எப்படிப் பகுத்தால் இனிமை கூடும் என்று ஓவியருக்குச் சொன்ன யோசனையை, முடிந்த படத்தை அளக்கும் கோலாகப் பயன்படுத்துவதை நாங்கள் கைவிட்டோம். "முகம் நடுவில் இருப்பதால் வலப்புறத்து இருள் எனக்கு வெறுமையாகப் படுகிறது" என்பது கருத்து. "விதிப்படி இல்லை" என்பதில் பார்த்தவரே இல்லை.

ஓரத்தை வெட்டலாமா என்ற விவாதத்துக்கு 'ட' வடிவில் நறுக்கிய இரண்டு கறுப்பு அட்டைகளை வைத்திருக்கிறோம். அவற்றை எதிரெதிராகப் படத்தின்மேல் வைத்து நகர்த்தினால், வாயால் பத்து நிமிடம் விளக்குவது பத்து வினாடியில் தெரிந்துவிடும். எங்களில் ஒருவர் வெட்டுவதையே குற்றமாகக் கருதினார். தம் படங்களைப் பொதுவாக வெட்ட விடாத பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன், நீர் தேங்கிய இடத்தைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை 1932இல் பாரிசில் எடுத்த தம் புகழ்பெற்ற படத்தை, பலகை இடுக்கின் வழியே எடுக்க நேர்ந்ததால், வெட்டியே அச்சிட்டார் என்று அறிந்த பிறகுதான் அட்டைகளைத் தொட்டார்.

கருத்துச் சொல்லப் பழகுவதைவிடக் கேட்டுக்கொள்ளப் பழகுவதற்கு எனக்கு அதிக காலம் பிடித்தது. உளவியல் ஆய்வாளர்கள் கிளூகரும் டினிசியும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், கருத்துரை பொதுவாகச் செயல்திறனைக் கூட்டினாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் குறைத்தே விட்டது என்று காட்டினார்கள். கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றித் திரும்பும்போது கருத்துரையின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். என் எட்டு மாதங்களுக்கு அதில் விடை கிடைத்தது. "நீங்கள் எப்போதும் நடுவில்தான் வைக்கிறீர்கள்" என்பது என்னைப் பற்றிய சொல். "இந்தப் படத்தில்" என்று தொடங்குவது படத்தைப் பற்றிய சொல். பாராட்டுக்கும் இது பொருந்தும். உங்களுக்கு நல்ல கண் இருக்கிறது என்று கேட்ட மாதங்களில் நான் பாதுகாப்பான படங்களையே எடுத்து வந்திருக்கிறேன்.

கேட்டதை வார்த்தை மாறாமல் ஒரு நோட்டில் எழுதி, இரண்டு வாரம் கழித்துத்தான் திறந்து பார்ப்பேன். சொன்னவரின் குரல் அதற்குள் ஆறிவிடும். ஒருவர் மட்டும் ஒரு முறை சொன்னதை வைத்துப் படத்தை மாற்றுவதில்லை. மூவர் சொன்னதையும், வெவ்வேறு படங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்ததையும் விடுவதில்லை. நிழல்களை நான் தேவைக்கு மேல் வெளுப்பாக்குகிறேன் என்பது நோட்டில் ஒன்பது முறை வந்திருந்தது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நிலவெழுச்சியை எடுத்த ஒரே நெகட்டிவைப் பல பத்தாண்டுகளுக்கு மீண்டும் மீண்டும் அச்சிட்டு, வானத்தைக் காலப்போக்கில் கருமையாக்கிக்கொண்டே போனார். அவரை நினைத்துக்கொண்டு என் பழைய கோப்புகள் முப்பதைத் திறந்து, நிழலை நிழலாகவே விட்டு மறுபடி அச்சிட்டேன். மகளின் படமும் அதில் ஒன்று. வெளுத்த ஜன்னலை அப்படியே விட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்துப் படங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது, ஏழாவது படத்துக்குப் பிறகு கவனம் தளர்கிறது. கடைசியில் வைப்பவருக்கு அநியாயம் நேராமலிருக்க வரிசையைச் சீட்டுப் போட்டு மாற்றுகிறோம். ஐந்தாம் ஆண்டில் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று தெரிந்தது. அந்த ஆண்டின் படங்களைப் பெயரில்லாமல் தரையில் பரப்பியபோது, பக்கவாட்டு வெளிச்சமும் வெறும் பின்னணியும் மங்கிய வண்ணங்களுமாக ஐவரின் படங்களும் ஒன்றுபோல் இருந்தன. ஒருவருக்கொருவர் பிடித்ததையே நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கேமராவே தொடாத ஒருவரை அழைத்து அவரை முதலில் பேச விடுகிறோம். இது ஓரளவுக்கே உதவுகிறது.

மூன்றாம் ஆண்டில் நான் செய்த தவறு ஒன்று இன்றும் உறுத்துகிறது. நண்பர் ஒருவர், மருத்துவமனைக் கட்டிலில் இருந்த தம் தந்தையின் கடைசிப் படத்தை மேசையில் வைத்தார். வழக்கப்படி ஒரு நிமிடம் கழிந்ததும், ஃபோகஸ் முகத்தில் விழாமல் தலையணையின் ஓரத்தில் விழுந்திருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார், பிறகு ஐந்து மாதங்கள் வரவில்லை. நேரில் சென்று மன்னிப்புக் கேட்டபோது, "நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் நான் அதைக் கேட்க வரவில்லை" என்றார். அவர் திரும்பி வந்த நாளில் அவரே ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு படமும் முதலில் கவிழ்த்தே வைக்கப்படுகிறது. பின்புறத்தில் எடுத்தவர் தம் கேள்வியை எழுதியிருப்பார். கேள்வி இல்லையென்றால் "பார்க்க மட்டும்" என்று எழுதியிருப்பார். அப்படி எழுதிய படம் வரும்போது மேசையில் ஒரு நிமிடம் கழிந்த பிறகும் யாரும் பேசுவதில்லை. படம் கை மாறிச் சுற்றி வந்து எடுத்தவரிடமே சேர்கிறது.