பிறந்த ஊரில் சுற்றுப்பயணி: கோலாலம்பூருக்குத் திரும்பி வருகிறவர்களுக்கு

கோலாலம்பூரை விட்டுப் போய்ப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆனவர்கள்தாம் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். முதல் தடவை வருகிற வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிறார். நம்மவர் "எனக்குத் தெரியாத ஊரா?" என்று இறங்கி, பழைய வெளியூர் பஸ் நிலையமான புடுராயாவுக்கு வண்டி கேட்கிறார், பஸ்ஸில் வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டுகிறார். மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆஸ்திரேலியக் கடப்பிதழோ பிரிட்டிஷ் கடப்பிதழோ எடுத்தவர் பிறந்த ஊரிலும் சுற்றுப்பயணிதான். மைகாட் எனும் அடையாள அட்டை கையில் இல்லையென்றால் விலை, வரி, வரிசை என்று பல இடங்களில் கணக்கு மாறும்.

விமானம் ஏறும் முன்பே செய்ய வேண்டியது மின்னிலக்க வருகை அட்டை. எம்.டி.ஏ.சி. என்பார்கள். 2024 ஜனவரியிலிருந்து கட்டாயம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு முன்பே நிரப்பிவைக்க முடியாது. கட்டணம் ஒரு காசும் இல்லை. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே இருக்கும் இடைத்தரகர் தளங்கள் முதலில் வந்து நிற்கும். வங்கி அட்டை எண் கேட்டாலே அது வேறு தளம் என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள். மலேசியக் குடிமக்கள், நிரந்தரவாசிகள், சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது தேவையில்லை. கணவருக்கு மலேசியக் கடப்பிதழ், மனைவி பிள்ளைகளுக்கு வேறு நாட்டுக் கடப்பிதழ் என்றிருக்கும் குடும்பங்கள்தாம் இதை மறக்கின்றன. கைக்குழந்தைக்கும் தனியாக நிரப்ப வேண்டும். பெயரைக் கடப்பிதழில் உள்ளபடியே, மகன், மகள் என்ற பகுதி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். கடப்பிதழ் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டால் குடிநுழைவுச் சோதனையின் தானியங்கிக் கதவு திறக்காது; கூட்டத்தில் பின்வாங்கி நீண்ட வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா உட்படப் பல நாட்டுக் கடப்பிதழ்களுக்கு அந்தக் கதவு உண்டு. சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் அதிகாரி உட்கார்ந்திருக்கும் வரிசைக்கே நேராகப் போய்விடலாம்.

சிப்பாங்கில் உள்ள விமான நிலையத்தில் இப்போது இரண்டு முனையங்கள். பழையது முனையம் 1, மலிவு விமானங்கள் வருவது முனையம் 2. அழைத்துப் போக வருகிற சொந்தக்காரரிடம் எந்த முனையம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாறி இறங்கினால் இடையில் ஓடும் ரயிலில் மூன்று நிமிடம், 2 வெள்ளி. முனையம் 1இன் துணைக் கட்டடத்தில் இறங்குவோரைக் கொண்டுபோகும் ஏரோடிரெயின் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில் புது வண்டிகளோடு திரும்ப ஓடத் தொடங்கியது.

நகரத்துக்குப் போக இடைநில்லா ரயில் முனையம் 1இலிருந்து 28 நிமிடம், முனையம் 2இலிருந்து 33 நிமிடம், ஆளுக்கு 55 வெள்ளி. பஸ் சுமார் 15 வெள்ளிதான். சாலை ஒத்துழைத்தால் ஒரு மணி நேரம். ஒருவராக, பெட்டி குறைவாக வந்தால் ரயில். இரண்டு பேரானாலே கைப்பேசிச் செயலியில் கூப்பிடும் கிராப் வண்டி அதே செலவில் அல்லது குறைவாக வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும். ஆனால் சாதாரண கிராப் என்பது பெரும்பாலும் மைவி, பெசா, சாகா போன்ற சிறு கார். நாலு பேர் உட்காரலாம் என்று செயலி சொல்லும், நாலு பெட்டியை எங்கே வைப்பது என்று சொல்லாது. இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் இருந்தால் ஆறு பேர் வண்டியையே கூப்பிடுங்கள். டோல் தனியாகச் சேரும். வருகைக் கூடத்தில் மெல்ல அருகில் வந்து "டெக்சி?" என்பவர்களோடு பேச்சே வேண்டாம்.

கிராப் கூப்பிடக் கைப்பேசி எண் வேலை செய்ய வேண்டும். சிம் அட்டை விமான நிலையத்திலேயே கிடைக்கும். கடப்பிதழைக் காட்டிப் பதிவு செய்துதான் தருவார்கள். "என் பேரில் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், வச்சுக்கோ" என்று அக்கா மகன் தரும் சிம்மை அன்புக்காக வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வங்கிக் குறுஞ்செய்தி எதற்கும் அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது டச் அண்ட் கோ அட்டை. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில் எனும் நகர ரயில்கள், கே.டி.எம். கொமியூட்டர் எனும் புறநகர் ரயில், விமான நிலைய ரயில், பஸ், டோல் எல்லாவற்றுக்கும் இதுதான். ரேபிட் பஸ்களில் ரொக்கம் வாங்குவதே இல்லை. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டிவிட்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. கைப்பேசியின் பின்னால் ஒட்டவைத்துப் பணம் ஏற்றக்கூடிய புது வகை அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். பழைய வகை என்றால் ஒவ்வொரு தடவையும் நிலைய முகப்பு, பெட்ரோல் நிலையம், சிறு கடை என்று தேடிப் போய் ஏற்ற வேண்டும். அலமாரியில் கிடந்த பழைய அட்டை பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும். மீதிப் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அட்டை வேறு, அதே பெயரில் உள்ள மின்பணப்பை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மின்பணப்பையில் 200 வெள்ளி இருந்தாலும் அட்டையில் இல்லையென்றால் ரயில் கதவு திறக்காது.

கடைகளில் எல்லா இடத்திலும் கியூ.ஆர். பலகை தொங்குகிறது. எல்லா வெளிநாட்டு வங்கிக் கணக்கோடும் அது பேசும் என்று சொல்ல முடியாது. பேரங்காடி, உணவகங்களில் வங்கி அட்டை போதும். "உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கட்டுமா, ரிங்கிட்டிலா?" என்று கருவி கேட்டால் ரிங்கிட்டையே அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் பணம் போகும். சந்தை, கோயில் வாசல், காலைக் கடை, கழிப்பறைக்கு ரொக்கம் வேண்டும். பல பொதுக் கழிப்பறைகளில் 30, 50 காசு கேட்பார்கள், டிஷ்யூ இருக்காது. பணம் மாற்ற மஸ்ஜிட் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், மிட்வெலி பக்கம் நாலு கடை ஏறி விலை கேளுங்கள்; விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும் மாற்றினால் போதும்.

மைகாட் இல்லாததன் விலை விடுதியில் முதலில் தெரியும். வெளிநாட்டுக் கடப்பிதழோடு தங்கினால் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. முன்பதிவில் அது சேராமல் இருந்தால் முகப்பில் கேட்பார்கள். ஐந்து இரவுக்கு 50 வெள்ளி என்பது மோசடி இல்லை, சட்டம். ஊருக்குள் சுற்றும் கோ கே.எல். பஸ் மலேசியருக்கு இலவசம், மற்றவர் 1 வெள்ளி தட்ட வேண்டும். மாதம் 50 வெள்ளிக்கு அளவில்லாமல் ரயிலும் பஸ்ஸும் ஏறும் மை50 அட்டை குடிமக்களுக்கு மட்டும். இரட்டைக் கோபுரத்தில் வெளிநாட்டார் சீட்டு உள்ளூர் விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தமிழிலும் மலாயிலும் எவ்வளவு சரளமாகப் பேசினாலும் கேட்பது அட்டைதான். கோபுரம் திங்கட்கிழமை மூடியிருக்கும், மாலை நேரச் சீட்டு முன்கூட்டியே தீர்ந்துவிடும். உயரத்திலிருந்து பார்க்கிற ஆசையைவிட அந்தக் கோபுரத்தைப் பார்க்கிற ஆசை அதிகம் என்றால் அதன் அடியிலுள்ள கே.எல்.சி.சி. பூங்காவில் இலவசமாக உட்காரலாம். அங்கிருந்து புக்கிட் பிந்தாங் கடைவீதி வரை குளிரூட்டிய மேல்நடைபாதை இருக்கிறது. மழை நேரத்தில் கிராப்பைவிட அது விரைவு.

ரயில்களில் குழப்புவது இடம் மாறும் நிலையங்கள். கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி.யும் கொமியூட்டரும் ஒரே கூரையின் கீழ். மோனோரயிலுக்கு மட்டும் என்.யு. சென்ட்ரல் பேரங்காடியைக் குறுக்காகக் கடந்து போக வேண்டும். எம்.ஆர்.டி. நிலையத்தின் பெயர் கே.எல். சென்ட்ரலே அல்ல, முசியம் நெகாரா. நீண்ட நடைபாதை வழியே போகலாம். புக்கிட் பிந்தாங்குக்கு எம்.ஆர்.டி., கே.எல்.சி.சி.க்கு எல்.ஆர்.டி., சீனர் கடைத்தெருவுக்கு இரண்டும் சந்திக்கும் பாசார் செனி. காலை ஏழிலிருந்து ஒன்பது, மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை பெட்டியோடு ஏறுவது மற்றவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். கொமியூட்டரில் நடுப்பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். இளஞ்சிவப்பு அடையாளத்தைக் கவனிக்காமல் வசதியாக உட்கார்ந்துவிடும் ஆண்கள் நம்மவர்களாகவே இருக்கிறார்கள்.

இந்த ஊரின் கலப்பை ஒரு காலையில் பார்க்க வேண்டுமானால் பாசார் செனியில் இறங்கி ஜாலான் துன் எச்.எஸ். லீ தெருவில் நடந்தால் போதும். 1873இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயில், எதிரே குவான் டி சீனக் கோயில், கொஞ்ச தூரத்தில் 1864இல் எழுந்த சின் சே சி யா கோயில், ஆறு சேரும் முனையில் 1909இல் கட்டிய மஸ்ஜிட் ஜாமேக். பள்ளிவாசலில் தொழுகை நேரத்திலும் வெள்ளி மதியத்திலும் பார்வையாளரை விடமாட்டார்கள், மற்ற நேரம் மேலங்கி கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலையின் கந்தசாமி கோயில் யாழ்ப்பாணத்தார் எழுப்பியது. அதே வட்டாரத்து மகாவிகாரை சிங்களவர் 1894இல் தொடங்கியது. துன் சம்பந்தன் சாலையின் பாட்டுச் சத்தத்தில் இந்த இரண்டையும் பலர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

பத்துமலைக்குக் கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமியூட்டர் நேராகக் கோயில் வாசலுக்கே போகும், சுமார் அரை மணிதான். சிக்கல் ரயில் வரும் இடைவெளியில்தான்: ஒன்றைத் தவறவிட்டால் முக்கால் மணி, ஒரு மணி காத்திருக்க நேரும். போகும்போதே திரும்பும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 42.7 மீட்டர் முருகன் சிலைக்குப் பின்னால் 272 படி. எட்டு மணிக்கு முன் ஏறினால் நிழல் இருக்கும், சுற்றுலா பஸ்களும் வந்திருக்காது. முட்டிக்கு மேல் உடை என்றால் அடிவாரத்தில் துண்டு வாடகைக்கு வாங்கிக் கட்டச் சொல்வார்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சரசரப்பைக் கேட்டே வரும். தேங்காய், வாழைப்பழத் தட்டைத் துணிப்பைக்குள் வையுங்கள். மழை பெய்தால் படி வழுக்கும், இறங்குவதுதான் ஏறுவதைவிட ஆபத்து.

சாப்பாட்டில் மாறாதது நிறைய. இலைச் சோற்றில் சோறும் கறிகாயும் ரசமும் பல கடைகளில் திரும்பத் திரும்ப வரும். மீன், ஆட்டுப் பெரட்டல், நண்டுக்குத் தனி விலை. மீன்தலைக் கறியை விலை கேட்காமல் வைக்கச் சொல்லாதீர்கள், அது அன்றைய மீனைப் பொறுத்தது. தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையில் வெறும் "தே" (தேநீர்) என்றால் இனிப்பு டின்பாலோடு வரும். நீரிழிவுக்காரர்கள் "தே சி கோசோங்" என்று கேளுங்கள்: பால் உண்டு, சர்க்கரை இல்லை. "தே ஓ கோசோங்" என்றால் பாலும் இல்லை. "குராங் மானிஸ்" என்பது இனிப்புக் குறைவு மட்டும்தான், இல்லாமல் இல்லை. சைவக்காரர்கள் மூன்று இடத்தில் ஏமாறுகிறார்கள். நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றின் சம்பலில் நெத்திலியும் பெலாசான் எனும் இறால் விழுதும் கலந்திருக்கும். நாசி கண்டாரில் "பஞ்சிர்" என்றால் எல்லாக் குழம்பையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். ரொட்டி சானாய்க்குப் பருப்புக் கேட்டாலும் மேலே மீன் குழம்பு ஒரு கரண்டி விழும். "டால் சஹாஜா" (பருப்பு மட்டும்) என்று முன்பே சொல்லுங்கள். கட்டிக்கொண்டு போக "புங்குஸ்" என்ற சொல் எல்லா இனத்தார் கடையிலும் செல்லும். உணவகத்தில் புகைபிடிப்பதற்கு 2019இலிருந்து தடை.

மழை பெரும்பாலும் பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுக்குள். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கூடுதல். முதல் பத்து நிமிடத்தில் கிராப் விலை ஏறும், ஓட்டுநர்கள் ரத்து செய்வார்கள். மழை வெறிக்கும்வரை ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினால் பணமும் மிச்சம், எரிச்சலும் மிச்சம். வெளிவேலைகளைக் காலையில் முடித்து, துணிக்கடை, பேரங்காடியைப் பிற்பகலுக்கு ஒதுக்குங்கள்.

ஈப்போ, பினாங்கு, ஜோகூர் போக விரைவு பஸ்கள் இப்போது பண்டார் தாசிக் செலாத்தானில் உள்ள டி.பி.எஸ். முனையத்திலிருந்து புறப்படுகின்றன. இணையத்தில் வாங்கிய சீட்டைப் பெரும்பாலும் நேராக வாசலில் காட்டி ஏற முடியாது. ஏறும் சீட்டு எடுத்தாக வேண்டும். அதில் கடப்பிதழ் எண் சரியாக இருக்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் அந்த வரிசையிலேயே அரை மணி போகும். விமான நிலையத்திலிருந்தே வெளியூர் போகிறவர்கள் நகருக்குள் வரத் தேவையில்லை: இடையில் நின்று போகும் ட்ரான்சிட் ரயில் பண்டார் தாசிக் செலாத்தானில் நிற்கும். ஈப்போவுக்கு இ.டி.எஸ். எனும் மின்சார விரைவு ரயில் பஸ்ஸைவிட நிம்மதி, ஆனால் தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சீட்டு விற்பனை தொடங்கிய வேகத்தில் தீர்ந்துவிடும்.

உடம்புக்கு முடியாவிட்டால் சளி, காய்ச்சலுக்குத் தெருமுனைத் தனியார் கிளினிக்கே போதும். மருந்தையும் அங்கேயே தருவார்கள். அரசு மருத்துவமனையில் 1 வெள்ளிக்குப் பார்த்த காலத்தை மனத்தில் வைத்துப் போகாதீர்கள், அந்தக் கட்டணம் குடிமக்களுக்கு. தனியார் மருத்துவமனை படுக்கை தரும் முன் முன்பணம் கேட்கும். பயணக் காப்புறுதித் தாளின் படம் கைப்பேசியில் இருக்கட்டும்.

திரும்பும் நாள் வெள்ளி மாலையாக இருந்தால் ஐந்து மணிக்கு வண்டி ஏறாதீர்கள். மூன்றரைக்குள் கிளம்புங்கள், அல்லது கே.எல். சென்ட்ரல் போய் ரயிலைப் பிடியுங்கள். அன்றைக்கு மட்டும் 55 வெள்ளி மலிவு.