ராமேசுவரத்தில் "எல்லாம் சேர்த்து ஒரே தொகை" என்று பேசுபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

வரும் ஆவணியில் என் சித்தப்பா குடும்பத்தினர் ராமேசுவரம் செல்வதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப்புக்கு வந்திருந்த பயணத் திட்டத் தாளை நேற்று என்னிடம் காட்டினார்கள். 2024 ஆவணியில் எங்களை ஏமாற்றியவர் அனுப்பிய தாளில் இருந்த அதே வரிசை, அதே வாக்குறுதிகள், ஏறத்தாழ அதே சொற்கள் இதிலும் இருந்தன. அனுப்பியவர் அதே ஆள்தானா என்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் முறை அதேதான் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

என் தந்தை இறந்து ஓராண்டு நிறைவடைந்த நிலையில், தலைத்திவசத்தை ஊரில் முடித்துவிட்டு, அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் செய்து இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பமாக இருந்தது. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு. அவரும் நானும் என் மனைவியுமாக மூவர் கரூரிலிருந்து புறப்பட்டோம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து 2022 டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டுவிட்டதாலும், புதிய பாலம் அப்போது திறக்கப்படவில்லை என்பதாலும், எங்கள் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும் என்று தெரிந்திருந்தது. வயதான அம்மாவை வைத்துக்கொண்டு மண்டபத்தில் இறங்கி வண்டி தேட வேண்டாம் என்ற ஒரே எண்ணத்தில், தெரிந்தவர் ஒருவர் கொடுத்த எண்ணுக்கு அழைத்துப் பேசினேன்.

பேசியவர் மிகுந்த பணிவோடு பேசினார். மண்டபத்திலிருந்து கார், இரண்டு நாள் அறை, புரோகிதர் செலவு, தீர்த்தமாடல், சிறப்பு தரிசனம், தனுஷ்கோடி, மறுநாள் தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்திரகோசமங்கை ஆகிய அனைத்தும் சேர்த்து மூன்று பேருக்கு 18,500 ரூபாய் என்றார். "நீங்க கையில காசே எடுக்க வேண்டாம் சார், அம்மாவைக் கூட்டிட்டு வந்தா மட்டும் போதும்" என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. முன்பணமாக 10,000 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பினேன். பணம் பெற்றவர் பெயராகத் திரையில் வந்தது அவர் சொன்ன பெயர் அல்ல; கேட்டபோது, அது தம்பியின் கணக்கு என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

முதல் நாள் விடியற்காலையில் அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் தொடங்கியது. கோயிலின் கிழக்கே உள்ள கடல்தான் அக்னி தீர்த்தம். முதலில் அங்கே நீராடிக் காரியத்தை முடித்து, பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள், அதன் பின் ஈர உடை மாற்றிக்கொண்டு சுவாமி தரிசனம் என்பது முறை. ஏற்பாட்டாளர் அனுப்பிய புரோகிதர் சங்கல்பம் செய்துவைத்து, என் விரலில் பவித்திரம் ஏறி, பிண்டம் பிடித்து வைத்த பிறகுதான் மற்றவை தொடங்கின. கோதானத்துக்கு 2,000, வஸ்திர தானத்துக்கு 1,000, சொர்ண தானத்துக்கு 1,500 என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "இது நீங்கள் மனமுவந்து உங்கள் கையால் கொடுக்க வேண்டியது, அந்தத் தொகையில் சேராது" என்றார். தந்தைக்காக எள்ளும் தண்ணீரும் கையில் ஏந்தி, பக்கத்தில் அம்மா கண்கலங்கி நிற்கும்போது, எந்த மகனும் கணக்குப் பேச மாட்டான். அவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். 4,500 ரூபாய் கொடுத்தேன். தானம் கொடுத்ததற்காக எனக்கு வருத்தமில்லை. எதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லாமல், மறுக்க முடியாத நிலையில் நிறுத்திக் கேட்டதைத்தான் ஏமாற்று என்கிறேன். அதே கரையில், முதலிலேயே தொகையைச் சொல்லி, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்காமல் காரியம் செய்துவைக்கும் புரோகிதர்களும் இருந்தார்கள் என்பதை மறுநாள் நானே கண்டேன்.

அடுத்து நடந்ததுதான் எங்களை அதிகம் வருத்தியது. கோயிலுக்குள் தீர்த்தமாட ஒருவருக்கு 25 ரூபாய் என்று கோயிலே சீட்டுக் கொடுக்கிறது. எங்களுக்குச் சீட்டு எதுவும் தரப்படவில்லை. வாளியோடு ஒருவர் வந்து, பின்னால் வாருங்கள் என்று வேகமாக நடந்தார். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, சாவித்திரி, காயத்திரி, சரசுவதி என்று ஒவ்வொரு கிணற்றிலும் நீர் இறைத்து ஊற்றினார். ஈரத் தரையில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்ததால் நாங்கள் பின்தங்கினோம்; அவருக்கு அது பிடிக்கவில்லை. சந்திர தீர்த்தம் முடிந்ததும், "முன்னாடி ஏகப்பட்ட கூட்டம், கடைசித் தீர்த்தத்துல ஊத்திட்டா எல்லாத்துலயும் குளிச்ச மாதிரிதான்" என்று சொல்லி, நேராகக் கோடி தீர்த்தத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

எனக்கு எண்ணிக்கை நினைவில் இல்லை. அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். அறைக்குத் திரும்பி உடை மாற்றிய பிறகு, "கண்ணு, பதினஞ்சு கெணறு, அப்புறம் கோடி தீர்த்தம், பதினாறுதான் ஆச்சு. கயா தீர்த்தம் வரவே இல்லையே" என்றார். வரிசையில் சந்திர தீர்த்தத்துக்கு அடுத்து வருபவை கங்கா, யமுனா, கயா தீர்த்தங்கள். பித்ரு காரியத்துக்காக வந்த ஒரு பெண்ணுக்குக் கயா தீர்த்தம் தவறிப்போவது என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. காசிக்கும் கயாவுக்கும் போக உடம்பு இடம் கொடுக்காது என்பதால்தான் அம்மா இங்கே வந்திருந்தார். ஏற்பாட்டாளரை அழைத்துக் கேட்டபோது, மறுபடியும் நீராட வேண்டுமானால் தலைக்கு 400 ரூபாய் ஆகும் என்று கூசாமல் சொன்னார்.

அன்று மாலை தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்துக்கு முன்பாகவே காரை நிறுத்திய ஓட்டுநர், இதற்கு மேல் மணலில் கார் போகாது, ஜீப்பில்தான் போக வேண்டும், அதற்கு 1,500 ரூபாய் தனி என்றார். ஒரு காலத்தில் அது உண்மை. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு பல்லாண்டுகள் அங்கே சாலை கிடையாது. மணலிலும் அலையோரத்திலும் வேன்களும் ஜீப்புகளும்தான் ஓடின. ஆனால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை போடப்பட்டு, 2017 ஜூலையில் திறந்தும் விட்டார்கள். சாதாரணக் கார் முனை வரை செல்லும். அரசு நகரப் பேருந்தும் செல்கிறது. என் மனைவி இதை முன்பே படித்திருந்ததால், எங்கள் கண்ணெதிரே கார்கள் வரிசையாகப் போவதைக் காட்டிக் கேட்டார். ஓட்டுநர் பதில் பேசாமல் வண்டியை எடுத்தார். இந்த வாக்குவாதத்தில் அரை மணி நேரம் கழிந்துவிட்டது. மாலையில் அந்தச் சாலையில் வாகனங்களை அனுமதிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், இடிந்த தேவாலயத்தையும் முனையையும் அவசரமாகப் பார்த்துத் திரும்பினோம். புயலிலும் நிலைத்து நின்ற கோதண்டராமர் கோயிலில் இறங்கவே நேரமில்லை.

மறுநாள் பயணத்தில் தேவிபட்டினத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை அம்மா நிதானமாக வலம் வந்து வணங்கினார். திருப்புல்லாணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். நடுப்பகலில் நம் கோயில்கள் சாத்தப்படும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. வழியில் ஒரு சங்குக் கடையில் முக்கால் மணி நேரம் எங்களை இறக்கி விடாமல் இருந்திருந்தால், தர்ப்பசயன ராமரை அம்மா தரிசித்திருப்பார்.

இதையெல்லாம் விட இந்தப் பதிவை எழுத என்னைத் தூண்டியது உத்திரகோசமங்கை. அந்தத் தாளில் "மரகத நடராசர் சிறப்பு தரிசனம்" என்று எழுதியிருந்தது. முதல் நாள் இரவு ஏற்பாட்டாளர் அறைக்கே வந்து, சந்தனக் காப்பு இல்லாத மரகதத் திருமேனியைக் காட்ட உள்ளே ஆள் வைத்துப் பேசியிருப்பதாகவும், அதற்கு மட்டும் 3,000 ரூபாய் தனியாகத் தர வேண்டும் என்றும் சொன்னார். தீர்த்தமாடலில் நடந்ததற்குப் பிறகும் ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். கயா தீர்த்தம் தவறியதில் அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இதையாவது அவர் காணட்டும் என்றுதான் கொடுத்தேன்.

உண்மை என்னவென்றால், அந்த நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில்தான் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை காப்பைக் களைந்து அபிடேகம் செய்து, பின் புதிதாகச் சந்தனம் சாத்துகிறார்கள். அந்த ஒரு தரிசனத்துக்காக ஆயிரக்கணக்கானோர் இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். ஆவணி மாதத்தில் ஒருவருக்காகக் காப்பைக் களைவது என்பது நடக்கவே நடக்காத காரியம். நாங்கள் சன்னிதிக்கு வெளியே நின்று சந்தனத் திருமேனியைத்தான் கண்டோம்; அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் யாரும் கேட்கவில்லை. கோயிலில் இருந்த பெரியவர் ஒருவரிடம் விவரத்தைச் சொன்னபோது அவர் பதறிப்போய், "அப்படி யாரும் இங்கே திறக்க முடியாதம்மா, உங்களை ஏமாத்திட்டாங்க" என்று அம்மாவிடம் வருத்தத்தோடு சொன்னார். ஓட்டுநர் ஒரு பொட்டலத்தை நீட்டி, அது போன திருவாதிரையில் களைந்த சந்தனம், 500 ரூபாய் என்றார். நாங்கள் வாங்கவில்லை.

ஏற்பாட்டாளரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டேன். முதலில், உள்ளே பேசிவைத்த ஆள் விடுப்பில் போய்விட்டார் என்றார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் 2,000 ரூபாய் அனுப்பினார். அதன் பிறகு அந்த எண்ணுக்கு அழைப்பு போகவே இல்லை. ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் இல்லாததால், மேற்கொண்டு செய்ய முடிந்தது குறைவு.

நாங்கள் அறையை இன்னொரு நாள் நீட்டித்தோம். மூன்றாம் நாள் காலை நானே கோயில் கவுண்ட்டரில் வரிசையில் நின்று, மூன்று பேருக்கு 75 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். ஒரு கிணற்றையும் விடாமல் நீராடினோம். கயா தீர்த்தத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே அம்மா சிறிது நேரம் கண்ணை மூடி நின்றார். நீர் ஊற்றியவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்து, இன்னொரு வாளி இறைத்து மெதுவாக ஊற்றினார்.

சித்தப்பாவுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டுவிட்டதால் ரயில் இப்போது ராமேசுவரம் வரைக்கும் போகிறது. மண்டபத்தில் இறங்க வேண்டுமே என்ற பயத்தில் நாங்கள் செய்ததைப் போல யாரிடமும் முன்பணம் கொடுத்துவைக்க வேண்டிய தேவை இல்லை. வண்டிக்கு வண்டிக்காரரிடமும், அறைக்கு அறையிலும், தீர்த்தத்துக்கும் தரிசனத்துக்கும் கோயில் கவுண்ட்டரிலும் தனித்தனியாகப் பணம் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். கட்டணம் மாறியிருக்கலாம், அங்கே எழுதியிருப்பதே சரியான தொகை. புரோகிதரிடம் சங்கல்பத்துக்கு முன்பே, தானங்கள் உட்பட மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, அம்மாவோ மனைவியோ கேட்கும்படி அவர் வாயால் சொல்ல வைத்துவிடுங்கள். வெளியூர்க் கோயில்களுக்கு விடியலிலேயே புறப்பட்டு, திருப்புல்லாணியையும் உத்திரகோசமங்கையையும் நடை சாத்துவதற்கு முன் முடித்துவிடுங்கள். கடைகளில் நிறுத்தக் கூடாது என்று ஓட்டுநரிடம் வண்டி ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சித்தப்பாவின் தாளிலும் ஐந்தாவது வரியில் "மரகத நடராசர் சிறப்பு தரிசனம், சந்தனம் இல்லாமல்" என்று இருந்தது. அவர்கள் போவதும் ஆவணியில்தான். நேற்று இரவே அந்த எண்ணுக்கு அழைத்து, முன்பணம் அனுப்பப் போவதில்லை என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.