பெட்டியில் பெண், உள்ளே ஆண்: ஒரு இடுப்பெலும்பு மாடல்

பேறுகாலச் செவிலியம் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். எங்கள் பழைய இடுப்பெலும்பு மாடலுக்கு வால் எலும்பு உடைந்து, பசை போட்டு ஒட்டி, மறுபடியும் உடைந்து போனதால் இணையத்தில் பார்த்துப் புதிதாக ஒன்று வரவழைத்தோம். அசல் அளவு, பிளாஸ்டிக், கூடவே ஒரு ஸ்டாண்ட். ஆறு மாதமாகப் பிள்ளைகள் கையில் புழங்குகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பான சேக்ரத்தின் நான்கு ஜோடித் துளைகளும் நிஜமாகவே திறந்திருக்கின்றன. மலிவான மாடல்களில் அவை வெறும் பள்ளங்கள்தான். இடுப்பெலும்பின் மேல்பகுதியான இலியம், கீழ்ப்பகுதியான இஸ்கியம், முன்பகுதியான பியூபிஸ் மூன்றும் தொடை எலும்பின் குழியில் வந்து சேரும் கோடுகூட லேசாகத் தெரிகிறது. சின்ன வயதில் இவை மூன்று தனி எலும்புகள், பருவ வயதில்தான் ஒன்றாகின்றன என்று சொன்னால், குழியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு பக்கம் மட்டும் தசைநார்களை ரப்பரில் செய்து பூட்டியிருப்பது. மறுபக்கம் வெறும் எலும்பு. வெறும் பக்கத்தில் வளைவாகத் தெரிவது, ரப்பர் பக்கத்தில் எப்படி இரண்டு துளையாகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். மஞ்சள் கம்பளி நூல் ஒன்றை எடுத்து மேல் துளை வழியே வெளியே விட்டு, இஸ்கியத்தின் முள்ளுக்குப் பின்னால் சுற்றி, கீழ்த் துளை வழியே உள்ளே இழுப்பேன். பிறப்புறுப்புப் பகுதிக்கு உணர்ச்சி தரும் பியூடெண்டல் நரம்பு போகும் வழி அதுதான். மரத்துப்போகும் ஊசிக்கு ஏன் அந்த முள்ளை விரலால் தேடுகிறோம் என்பது அப்போது தானாகப் புரிந்துவிடும்.

இனி வயிற்றெரிச்சல். பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘பெண்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். முன்பக்கம் பியூபிஸ் எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள கோணத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பெண் இடுப்பு என்றால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் அகல விரித்தால் வரும் இடைவெளி அளவுக்கு இருக்க வேண்டும். இதில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும்தான் பொருந்துகின்றன. குழந்தையின் தலை உள்ளே இறங்கும் மேல்வாயும் வட்டமாக இல்லை, சேக்ரம் முன்னால் துருத்திக்கொண்டு இதய வடிவில் இருக்கிறது. சந்தேகத்துக்கு ஸ்கேல் வைத்தேன். இரண்டு முள்ளுக்கும் நடுவே பத்து செ.மீ. அளவில் இருக்க வேண்டியது, எட்டரைதான். குழந்தைப் பொம்மையின் தலையைக் குறுக்காக இறக்கி, உள்ளே திருப்பி, வெளியே எடுத்துக் காட்டுவதுதான் எங்கள் முக்கியப் பாடமே. மேல்வாயில் அகலம் பதிமூன்று, முன்பின் பதினொன்று. கீழ்வாயில் அது அப்படியே தலைகீழ். அதனால்தான் தலை திரும்புகிறது. இந்த மாடலில் தலை பாதியிலேயே நின்றுவிட்டது. “மேடம், இதுக்கு சிசேரியன்தான்” என்றாள் ஒருத்தி.

விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். ‘பொதுக் கற்பித்தலுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி பதில் வந்தது. 1933-இல் மருத்துவர்கள் கால்டுவெல்லும் மொலோயும் இடுப்பெலும்பைப் பிரித்த நான்கு வகையில், ஆண் இடுப்பை ஒத்த ஆண்ட்ராய்டு வகை பெண்களிலும் உண்டு என்றாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவ்வளவு தூரம்கூட யோசிக்கவில்லை.

ஸ்டாண்டும் சரியில்லை. இடுப்பை ஒரு கிண்ணம் மாதிரி, வாய் நேராக மேலே பார்க்க நிறுத்துகிறது. நிற்கும் மனிதருக்கு அப்படி இருக்காது. மேல்வாய் நன்றாக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். நான் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு மாடலைச் சுவரில் வைத்துக் காட்டுகிறேன். முன்பக்கத்து இரண்டு இலிய முனைகளும் பியூபிஸ் இணைப்பும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். அதுதான் சரியான நிலை. முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோருமே ‘இவ்வளவு சாய்வா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

எலும்பும் நரம்பு வழியும் படிக்கிறவர்கள், பிசியோதெரபிக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். பிரசவம் சொல்லிக்கொடுக்க இது ஆகாது. பிள்ளைகள் பெட்டியில் ‘பெண்’ என்பதை அடித்துவிட்டு ‘அண்ணன்’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வேறொன்று வாங்க அனுமதி கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை பணம் கட்டும் முன், அந்தக் கோணத்தில் விரல் வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்வேன்.