கலங்கிய மீன்தொட்டி: சொட்டு மருந்தா, யூவி விளக்கா, இரண்டு வாளித் தண்ணீரா?

புதுத்தொட்டி முதல் மாதத்தில் கலங்கினால் கவலை இல்லை, தானே தெளியும். நெடுநாள் பளிங்குபோல் இருந்த தொட்டி ஒருநாள் காலையில் அரிசி கழுவிய தண்ணீராக நின்றால்தான் பகீரென்கிறது. போன தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் எனக்கு அப்படித்தான் ஆனது. மன்னார்குடி வீட்டுக் கூடத்தில் ஒரு மூன்றடித் தொட்டி. கல், மணல் போகச் சுமார் 130 லிட்டர் பிடிக்கும். அதில் நாலு ஏஞ்சல், இரண்டு குராமி, ஒரு கூட்டம் டெட்ரா.

தெளிய வைக்க மூன்று வழி சொல்வார்கள்: கடையில் விற்கும் சொட்டு மருந்து, புற ஊதாக் கதிர் வீசும் யூவி விளக்கு, வாளியால் தண்ணீர் மாற்றுவது. என் ஓட்டு வாளிக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்குவதற்கும் முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தாளின் முன் வைத்துப் பாருங்கள். டீ நிறம் என்றால் உள்ளே கிடக்கும் மரக்கட்டையின் சாயம், மீனுக்குக் கெடுதல் இல்லை. பச்சை என்றால் பாசி. வெள்ளை என்றால் டம்ளரை ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். அடியில் படிந்தால் மணல் தூசு. காலையிலும் படியாமல் புகைபோல நின்றால் பாக்டீரியா. எனக்குப் படியவில்லை.

சொட்டு மருந்தில்தான் ஆரம்பித்தேன். "அண்ணே, நைட்டு விட்டீங்கன்னா காலைல கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றார் கடைத்தம்பி. அவர் சொன்னது பொய்யில்லை, காலையில் பாதிக்கு மேல் தெளிந்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி காசு குடுத்தியா? நாங்க புதுத்தண்ணி வர்றப்ப பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய உரசிவிட்டுத்தான் ஆத்துத் தண்ணி குடிச்சோம்" என்றார். வேலை என்னவோ ஒன்றுதான். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்குவது. ஆற்று வண்டலுக்கு அது போதும், வண்டல் குட்டி போடாது. பாக்டீரியா போடும். மூன்றாம் நாள் பழைய வெள்ளையே திரும்பி வந்தது, கூடவே ஒட்டித் திரண்ட கசடு தண்ணீரை வடிகட்டும் ஸ்பான்ஜை அடைத்திருந்தது. படிகாரம் போடச் சொல்பவர்களும் உண்டு. அது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்று பிஎச்சைக் கீழே இழுத்துவிடும். மீன் இருக்கும் தொட்டியில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

யூவி விளக்கை மட்டம் தட்ட மாட்டேன். இரண்டு வருஷம் முன்பு தொட்டி ஜன்னலோரம் இருந்தது. பங்குனி வெயில் நேராக விழுந்து தண்ணீர் ஹரித்ரா நதிக் குளம்போல் பச்சையாகிவிட்டது. தண்ணீர் மாற்றிச் சலித்தேன். மாற்ற மாற்றப் பாசி வளர்ந்தது. 9 வாட் விளக்கு ஒன்று வாங்கி மாட்டியதும் ஐந்தே நாளில் தெளிந்தது. பச்சைத் தண்ணீருக்கு அதற்கு நிகரில்லை. கரண்டும் ஒன்றும் பிரமாதமாக இழுக்காது, நாள் முழுக்க எரிந்தால் மாசத்துக்கு ஆறரை யூனிட்.

சிக்கல் பராமரிப்பில். எங்கள் போர் தண்ணீர் கடின நீர். விளக்கைச் சுற்றியிருக்கும் குவார்ட்ஸ் குழாயில் ஆறே மாசத்தில் வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. வினிகரில் ஊறப்போட்டுத் துடைக்காவிட்டால் வெளிச்சம் தண்ணீரைத் தொடவே தொடாது. பல்பும் தொடர்ந்து எரிந்தால் ஒரு வருஷத்துக்குள் வீரியம் குறைந்துவிடும், நீல ஒளி மட்டும் வழக்கம்போல் தெரிந்துகொண்டிருக்கும். தீபாவளி சமயத்தில் என்னுடையது அந்த நிலையில்தான் இருந்தது. ஆகவே வெள்ளைக் கலங்கலுக்கு யூவியை என் தொட்டியில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. நண்பர் ஒருவர் தொட்டியில் பார்த்தேன். இரண்டு நாளில் தெளிந்தது, விளக்கை எடுத்த வாரமே மறுபடி கலங்கியது. மிதக்கும் பாக்டீரியாவை விளக்கு கொல்கிறது. அது ஏன் பெருகியது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

என் தொட்டியில் ஏன் பெருகியது என்றால், அது என் கைங்கரியம். தீபாவளிக்கு விருந்தாளிகள் வருகிறார்களே என்று இரண்டு ஸ்பான்ஜையும் ஒரே நாளில் முனிசிபாலிட்டி குழாயடியில் வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்து அலசினேன். பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கில் ஏறியது, புத்தியில் ஏறவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பெரிய கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் ஸ்பான்ஜில்தான் குடியிருக்கும். குளோரின் அந்தக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டது. அழுக்கைத் தின்னும் வேறு வகை பாக்டீரியா மடமடவென்று பெருகித் தண்ணீரை வெள்ளையாக்கும், ஆனால் அம்மோனியாவை மாற்றும் வகை இரட்டிப்பாகவே ஒரு நாளை ஒட்டி ஆகும். அம்மோனியா டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சையாகிவிட்டது, அதாவது அம்மோனியா ஏறிவிட்டது. போர் தண்ணீரின் பிஎச் எட்டை ஒட்டியது, பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும்.

புது பல்பு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். சும்மா இருக்க முடியாமல் வாளியைத் தூக்கினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு பதினைந்து லிட்டர் வாளி, அதாவது கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, தண்ணீரை எடுத்துவிட்டு முந்தின நாளே பிடித்து வைத்த போர் தண்ணீரை ஊற்றினேன். மூன்று நாள் தீனி கிடையாது, வளர்ந்த மீன் அதற்கெல்லாம் சாகாது. ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போட்டேன், பெருகும் பாக்டீரியா ஆக்ஸிஜனையும் குடித்துவிடும் என்பதால். ஏஞ்சல்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது அன்று சாயங்காலமே நின்றது. ஸ்பான்ஜ் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. ஒன்பதாம் நாள் பின்கண்ணாடியில் ஒட்டிய படத்தின் எழுத்து தெரிந்தது. புது பல்பு பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

இப்போது மாசத்துக்கு ஒரு முறை ஒரு ஸ்பான்ஜை மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் வாளிக்குள்ளேயே மூன்று தரம் பிழிகிறேன். டிகாஷன் நிறத்தில் இறங்கும். முழுக்க வெளுக்க வேண்டியதில்லை, தண்ணீர் ஸ்பான்ஜுக்குள் ஓடினால் போதும். மற்ற ஸ்பான்ஜ் பதினைந்து நாள் கழித்து. பிழிந்த தண்ணீர் மல்லிகைக்குப் போகிறது, செடி தொட்டியைவிடச் செழிப்பாக இருக்கிறது.

வாளி ஜெயிப்பதற்கு டெல்டாவில் இன்னொரு காரணம் மின்தடை, வாளிக்குக் கரண்ட் வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஐந்துக்குத்தான் கரண்ட். மூடிய டப்பாவுக்குள் வடிகட்டும் கேனிஸ்டர் ஃபில்டர் அத்தனை நேரம் நின்றால் உள்ளே காற்றில்லாமல் பாக்டீரியா செத்து, கரண்ட் வந்ததும் நாற்றமடித்த தண்ணீர் தொட்டிக்குள் கொட்டும். திறந்த ஸ்பான்ஜ் அப்படிச் சட்டென்று சாகாது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆனது. அப்போது இருந்த தொட்டியில் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் காற்றேற்றினோம். வெளிக்காற்றை விழுங்கி மூச்சுவிடத் தெரிந்த குராமிகள் பிழைத்தன, ஏஞ்சல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு முதல் வேலையாக வாங்கியது பேட்டரி ஏர் பம்ப்.

செடி அடர்ந்த தொட்டியோ கடல்மீன் தொட்டியோ நான் வைத்ததில்லை. இதெல்லாம் என்னுடையது மாதிரிச் சாதாரண நன்னீர்த் தொட்டிக்கு. யூவி விளக்கு புது பல்போடு பரணில் இருக்கிறது. பேத்தி தொட்டியை மறுபடி ஜன்னலோரம் வைக்கச் சொல்கிறாள். வைத்தால் பங்குனியில் விளக்கை இறக்க வேண்டியிருக்கும்.