வெப்லி அண்ட் ஸ்காட் 700: பரம்பரையாக வந்த டபுள் பேரல் இன்றைக்குத் தேறுமா?

நீலகிரி, வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் குடும்பங்களிலும் பழைய மிராசு வீடுகளிலும் தாத்தா காலத்து 12 போர் துப்பாக்கி என்று வெளியே எடுத்தால், அதில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் வெப்லி அண்ட் ஸ்காட். பர்மிங்காமில் செய்தது. 700 வரிசை இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து 1979 வரை தயாரிப்பில் இருந்தது. 701, 702 என்று பொறித்திருந்தால் சித்திர வேலையும் மரமும் உசத்தி. உள்ளே இருப்பது அதே இயந்திரம்தான். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சன், டீலி இருவரும் 1875இல் காப்புரிமை வாங்கிய பாக்ஸ்லாக் (வெடிக்கும் இயந்திரம் முழுவதும் துப்பாக்கி உடலுக்குள்ளேயே அடங்கியது) அமைப்பு அது. குழலை மடக்கும்போதே உள்ளிருக்கும் குதிரைகள் (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்கள்) ஏறிக்கொள்ளும். பாகங்கள் குறைவு, ஒவ்வொன்றும் தடிமனானது. எடை ஏறக்குறைய 3 கிலோ. இவ்வளவு எளிமையான துப்பாக்கி சீக்கிரத்தில் கெட்டுப்போகாது. கெடுப்பது பெரும்பாலும் தவறான தோட்டாவும் தவறான எண்ணெயும்தான்.

கையில் எடுக்கும் முன் காகிதம். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி செல்லாது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாடகை கேட்டாலும் கடையே மேல். நிலையத்து மால்கானாவில் (பொருட்கள் வைக்கும் அறையில்) துடைக்க ஆளில்லாமல் கிடந்தால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும். 2016 ஆயுத விதிகளின் 25ஆம் விதி வாரிசுக்கு லைசென்ஸ் தர வழி செய்கிறது. வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பதும் தயாராக இருக்கட்டும். தாத்தா இருக்கும்போதே மாற்ற நினைத்தால், அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம். சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரிடம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி துப்பாக்கிக்கு வருவோம். இரண்டு தோட்டா அறையும் காலியா என்று பார்த்துவிட்டு, முன்கட்டையைக் கழற்றி, மேல் நெம்பைத் தள்ளிக் குழலைத் தனியே எடுங்கள். குழல் வெளியே இருக்கும்போது விசையை இழுக்கக் கூடாது. குதிரை விழுந்துவிட்டால், அதை மறுபடி ஏற்றும்வரை குழல் உட்காராது. இதைத் தெரியாமல் சுத்தியலால் தட்டி மாட்டப் பார்த்து, குழலும் உடலும் சேரும் மூட்டைக் காயப்படுத்திய துப்பாக்கிகள் உண்டு.

குழலின் அடியில், அறைப் பக்கத்துத் தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். துப்பாக்கியின் ஜாதகம் அதுதான். 1954 விதிகளின்படி சோதனையான குழலில் கிரீடத்தின் கீழே பி.என்.பி. என்ற பர்மிங்காம் முத்திரை, அறை நீளம், தாங்கும் அழுத்தம் மூன்றும் இருக்கும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்ற கணக்கில்: 2½ அங்குல அறைக்கு 3 டன், 2¾ அங்குலத்துக்கு 3¼ டன். அதற்கு முந்தையதில் டன் கணக்கு இருக்காது. 1⅛ அவுன்ஸ் என்று ரவையின் எடை இருக்கும். கூடவே குழலின் உள்விட்டமும் இருக்கும், 1954க்குப் பிந்தையதில் .729 என்பதுபோல. அறையிலிருந்து 9 அங்குலம் தள்ளி போர் கேஜ் வைத்து அளந்து, முத்திரையைவிட 0.010 அங்குலத்துக்குமேல் அகன்றிருந்தால் அந்தச் சோதனை முத்திரைக்கு இனி மதிப்பில்லை. உள்ளே இருந்த துருக்குழியை யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணாடிபோல மின்னும் குழலைப் பார்த்து மயங்காதீர்கள். அடுத்து சுவர்த் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். எந்த இடத்திலும் 0.020 அங்குலத்துக்குக் கீழே போனால் சுடாமல் வைத்துவிடுவதே நல்லது.

ரொம்பப் பேர் சறுக்கும் இடம் தோட்டா. 2½ அங்குல அறைக்கு உரியது 65 மி.மீ. தோட்டா; கடையில் 70 மி.மீ. தோட்டாவும் இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடாத 70 மி.மீ. தோட்டா வாய் மடிந்திருப்பதால் 65 மி.மீ. அறையில் சிரமமில்லாமல் போய் உட்காரும், குழலும் மூடிக்கொள்ளும். சுடும்போது விரிய இடமில்லாமல் வாய், அறைக்கு முன்னால் குழல் சிறுக்கும் குறுகலுக்குள் நுழையும், அழுத்தம் எகிறும். "உள்ளே போகிறதே, என்ன பயம்?" என்று கடைக்காரரே கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அலமாரியில் கிடைத்த பழைய காகிதத் தோட்டாக்களைக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள்.

மூட்டு இறுக்கமா என்று பார்க்க, முன்கட்டை இல்லாமல் துப்பாக்கியை மூடி, கட்டையைப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்றால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் துப்பாக்கி உடலின் முகப்புக்கும் இடையில் கீற்றாக ஒளி தெரியும். நல்ல கன்ஸ்மித் ஊசியை மாற்றிச் சரிசெய்துவிடுவார். தகரம் வைத்து அடைத்து, அந்தக் கணத்துக்கு இறுக்கமாக்கித் தருகிறவரும் இருக்கிறார். நூறு தோட்டா தாங்காது. அடுத்து குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் சரி, மொத்தென்று கேட்டால் இரு குழலுக்கும் நடுவே ஓடும் ரிப் ஈயப்பற்றை விட்டிருக்கிறது.

சேஃப்டி விசையை மட்டுமே பூட்டும், குதிரையைப் பூட்டாது. கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்புண்டு. அதை நம்பித் தோட்டாவோடு நடக்கக் கூடாது. காலித் துப்பாக்கியில் 'டப் டப்' என்று விசை இழுத்துக் காட்டுவதும் தோட்டாவை அடிக்கும் ஊசியை உடைக்கும். ஸ்நாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு இழுங்கள்.

உள்பக்க ஸ்க்ரூவில் கைவைக்காதீர்கள். தலைக்காடி மெல்லியது, கடை ஸ்க்ரூ டிரைவர் நுழையாது. நுழைத்தால் காடி கிழியும். மெயின் ஸ்பிரிங் இறுக்கத்தில் இருக்கும்போது ஊசியைத் தட்டினால் பாகம் வளையும். எண்ணெய் துளிக் கணக்கில் போதும். நிறைய ஊற்றி நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் இறங்கி வால்நட் கட்டையின் தலைப்பகுதி கறுத்து ஊறிவிடும், பிறகு ஒவ்வொரு தடவை சுடும்போதும் கட்டையில் பிளவு விழுந்து பெரிதாகும். துடைத்தபின் ஓரிரவு வாயைக் கீழே வைத்து நிறுத்தினால் போதும். துப்பாக்கியோடு வந்த அழகான தோல் பெட்டி பயணத்துக்குத்தான், வைப்பதற்கு அல்ல. மலைப்பகுதி ஈரத்தைத் தோல் உறிஞ்சி அப்படியே இரும்புக்குக் கொடுக்கும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ரைஃபிள் கிளப்பில் களிமண் தட்டு சுட இது தாராளமாகப் போதும், 28 அங்குலக் குழல் கைக்குச் சுகமாக ஆடும். சீர்செய்யக் கொஞ்சம் பணம்தான் ஒதுக்க முடியும் என்றால் முழுவதையும் மூட்டுக்குக் கொடுங்கள். புதுசுபோல நீலம் பூசித் தருகிறேன் என்பவரிடம், எந்த முறையில் என்று கேளுங்கள். கொதிக்கும் காஸ்டிக் தொட்டி என்றால் வேண்டாம்: ரிப்பைப் பிடித்திருக்கும் ஈயத்தை அது தின்றுவிடும், உள்ளே தங்கும் உப்பு மிச்சத்தையும் முடிக்கும். இந்தக் குழலுக்கு ஏற்றது, மெல்லத் துரு ஏற்றித் துடைத்துக் கறுப்பாக்கும் பழைய முறை மட்டுமே.